பெட்டி கட்ட முந்தி ஒரு கேள்வி

போன இதழில "பிளைட் ஏறப் போறவங்க கேள்வி இருந்தா எழுதி அனுப்புங்கோ" எண்டு ரெண்டு வரிதான் போட்டம், வந்த கடிதத்தையும் வட்ஸ்அப்பையும் பார்த்தா கொழும்பில பாதிப்பேர் இப்ப பெட்டி கட்டிக்கொண்டுதான் இருக்கினம் போல. வெள்ளவத்தையில ஒரு டிக்கட் கவுண்டருக்குப் பின்னால இருபது வருசத்துக்கு மேல இருந்தவள் எண்ட உரிமையில பதில் சொல்லுறன். ஒண்டை மட்டும் முதலே சொல்லிப்போடுறன். பிளைட்டில படுற கஷ்டத்தில முக்கால்வாசி பிளைட்டுக்குள்ள உண்டாகிறதில்ல, வீட்டு ஹோலில நாலு சூட்கேஸைத் திறந்து வச்சுக்கொண்டு, சொந்தக்காரர் ஆளுக்கொரு பார்சலோட வந்து நிக்கிற அந்தக் கடைசி ராத்திரியிலதான் உண்டாகுது.

கேள்வி: அக்கா, எங்க அம்மாவுக்கு 67 வயசு. ரொறன்ரோவில இருக்கிற அண்ணன்கிட்ட போறாங்க, தனியா. டுபாயில பிளைட் மாறணும். தமிழும் கொஞ்சம் சிங்களமும்தான் தெரியும், இங்கிலீஷ் சுத்தமா வராது. நடப்பாங்க, ஆனா முழங்கால் வலி. வீல்செயார் போடலாம்னு சொன்னா "நான் என்ன நோயாளியா"ன்னு ரெண்டு நாள் பேசவே இல்ல. என்ன செய்யிறது?
மகள், கொட்டாஞ்சேனை

பதில்: தங்கச்சி, அம்மாட்ட இப்பிடிச் சொல்லிப் பாருங்கோ: வீல்செயார் எண்டது கதிரை இல்லம்மா, அதைத் தள்ளிக்கொண்டு வாற பிள்ளைதான் முக்கியம். அந்தப் பிள்ளைக்கு எந்தக் கேட் எண்டு தெரியும், எந்த லைனில நிக்கிறது எண்டு தெரியும், இமிகிரேஷனில என்ன கேப்பாங்கள் எண்டு தெரியும். டுபாய் எயார்போட்டில ஒரு கேட்டில இருந்து மற்றக் கேட்டுக்குப் போக ரயில் ஏறுற இடமெல்லாம் இருக்கு, இங்கிலீஷ் தெரிஞ்ச இளம் பிள்ளைகளே அங்க போர்டைப் பார்த்து முழுசிக்கொண்டு நிக்குதுகள். இதுக்குக் காசு வாங்கிறதில்ல. டிக்கட் போடேக்கையே சொல்லுங்கோ, மறந்து போச்செண்டா பயணத்துக்கு 48 மணித்தியாலத்துக்கு முந்தியாவது எயார்லைனுக்கு போன் பண்ணிச் சொல்லுங்கோ. சொல்லேக்க வடிவாச் சொல்லோணும், ஏனெண்டா இதில மூண்டு வகை இருக்கு. டபிள்யூ.சி.எச்.ஆர். எண்டா படி ஏறுவா, ஆனா தூரம் நடக்க ஏலாது. டபிள்யூ.சி.எச்.எஸ். எண்டா படியும் ஏற ஏலாது. டபிள்யூ.சி.எச்.சி. எண்டா சீட் வரைக்கும் கொண்டுபோய் இருத்தோணும். உங்கட அம்மாவுக்கு முதலாவது காணும். இது தெரியாம கவுண்டரில "வீல்செயார் ஒண்டு போடுங்கோ" எண்டு மட்டும் சொல்லிப்போட்டு வந்து, பிறகு படிக்கட்டுக்குக் கீழ நிண்டு சண்டை பிடிச்ச ஆக்களை நான் நிறையக் கண்டிருக்கிறன்.

டுபாயில அவவைக் கொண்டுபோய் வீல்செயார் ஆக்கள் இருக்கிற ஒரு இடத்தில இருத்திப்போட்டு தள்ளினவர் போயிடுவார். அது கைவிட்டுட்டுப் போனதில்ல, கேட் திறக்கிற நேரம் வேற ஒருத்தர் வருவார். இதை இப்பவே நாலு தரம் சொல்லி வையுங்கோ, இல்லாட்டி அம்மா அந்தரப்பட்டு எழும்பி நடக்கத் தொடங்கிடுவா, வாறவர் ஆளைத் தேடுவார்.

ஒரு மட்டையில பெரிய எழுத்தில இங்கிலீஷில நாலு வரி எழுதிக் குடுங்கோ. தமிழ் மட்டும்தான் தெரியும், ரொறன்ரோவுக்குப் போறன், மகன்ட பேரும் போன் நம்பரும் இது, இன்ன மருந்து குடிக்கிறன், அவ்வளவுதான். பாஸ்போட்டோட சேர்த்து கழுத்தில தொங்குற சின்னப் பையில போடுங்கோ. ஹேண்ட்பேக்கில வேண்டாம், அது ஸ்கேனுக்குள்ள போயிடும், பிறகு அம்மா "என்ட பாஸ்போட்" எண்டு நெஞ்சில கை வைப்பா.

அடுத்தது ஒருத்தரும் சொல்லித் தராத விஷயம், டொய்லெட். எங்கட அம்மாமார் பிளைட்டில தண்ணி குடிக்காம இருக்கிறதுக்கு ஒரே காரணம் அந்தக் கதவு திறக்கத் தெரியாததுதான். வளைகுடாவில இருந்து ரொறன்ரோவுக்கு கிட்டத்தட்ட 14 மணித்தியாலம், அவ்வளவு நேரமும் நாக்கு ஒட்ட இருந்து, கால் வீங்கி, தலையிடியோட இறங்குவினம். பிளைட்டுக்குள்ள காத்து சரியான உலர்வு, ஈரப்பதம் 20 வீதத்துக்கும் குறைவாத்தான் இருக்கும். அதால இதைச் சொல்லிக் குடுத்து அனுப்புங்கோ: அந்தக் கதவு அனேகமா நடுவில மடியிற கதவு, பிடியைத் தேடக்கூடாது, நடுவில கையை வச்சுத் தள்ளினா உள்பக்கமா மடியும். உள்ளுக்குப் போய் பூட்டை இழுத்தாத்தான் லைட் பளிச்செண்டு எரியும், அதுவரைக்கும் மங்கலாத்தான் இருக்கும். பட்டனை அமத்தின உடன புயல் அடிச்ச மாதிரி ஒரு சத்தம் வரும், ஒண்டும் உடையேல்ல, அது அப்பிடித்தான். சீட் கேக்கேக்க நடைபாதைப் பக்கம் கேளுங்கோ, பக்கத்தில இருக்கிற ஆளை எழுப்பக் கூச்சப்பட்டே அடக்கிக்கொண்டு இருக்கிறவையும் இருக்கினம்.

சீட் பெல்ட்டைப் போடுறது சுகம், கழட்டுறதுதான் விளங்காது, மேல இருக்கிற தகட்டைத் தூக்கோணும், காரில மாதிரி அமத்துறதில்ல. மரக்கறிதான் எண்டா "ஏசியன் வெஜிடேரியன்" எண்டு ஒரு நாளைக்கு முந்தியாவது சொல்லி வையுங்கோ. சேலைதான் கட்டுவன் எண்டா கட்டட்டும், பருத்தியில கட்டட்டும், மேல ஒரு சுவெட்டர். சேப்டி பின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லுங்கோ, ஸ்கேனில நிண்டு ஒவ்வொண்டாக் கழட்டேக்க பாவமா இருக்கும்.

கேள்வி: இரவு 8 மணிக்கு பிளைட். வெள்ளவத்தையில இருந்து எத்தனை மணிக்கு வெளிக்கிடோணும்? அப்பா காலமை பத்து மணிக்கே வான் சொல்லிப்போட்டார்.
மாணவன், வெள்ளவத்தை

பதில்: அப்பாவுக்கு வணக்கம். பத்து மணி கொஞ்சம் ஓவர்தான். அஞ்சு மணிக்கு உள்ளுக்கு நிண்டாக் காணும், அதாவது மூண்டு மணித்தியாலம் முந்தி. பேலியகொடையில ஹைவே ஏறிட்டா கட்டுநாயக்க அரை மணித்தியாலம், 2013ல அந்த ரோட்டைத் திறந்த பிறகு நீர்கொழும்பு வீதியில கிடந்து வேகிற காலம் முடிஞ்சுது. இப்ப பிரச்சினை ஹைவேயில இல்ல, வெள்ளவத்தையில இருந்து பேலியகொடைக்குப் போறதுதான் பிரச்சினை. ஸ்கூல் விடுற நேரத்தில காலி வீதியில மாட்டினா அதுக்கே ஒரு மணித்தியாலத்துக்கு மேல போயிடும். அதால மூண்டு மணி, மழை எண்டா ரெண்டரை. ஆடிவேல் ஊர்வலம், நவம் பெரஹரா நாள் எண்டா எந்த ரோட்டை மூடுறாங்கள் எண்டு முதல்நாளே பாருங்கோ. ஒருக்கா தேர் போகட்டும் எண்டு அரோகரா சொல்லிக்கொண்டு நிண்ட குடும்பம் ஒண்டு பிளைட்டை விட்டுட்டு நேர எங்கட கவுண்டருக்குத்தான் வந்தது.

இன்னொண்டு, வழியனுப்ப எத்தனை பேர் வாறீங்க? வானில பதினாலு பேர் ஏறினா ஒருத்தருக்கு வழியில பசிக்கும், ஒருத்தருக்கு வயித்தைப் பிரட்டும், வாசலில எல்லாரும் அழுது முடிக்கவே அரை மணித்தியாலம். அழுறதை வீட்டிலயே முடிச்சுக்கொண்டு வாங்கோ. சீரியஸாத்தான் சொல்லுறன்.

கேள்வி: அக்கா, கொள்ளுப்பிட்டியில ஒரு பேங்கில வேலை. மாசம் ஒருக்கா சிங்கப்பூர் போகச் சொல்லுறாங்க. பிளைட் ஆடத் தொடங்கினா எனக்கு உள்ளங்கை வேர்க்குது, கதிரைப் பிடியை விடவே மாட்டன். கூட வாற ஆக்கள் சிரிக்கிறாங்க. இதுக்கு மருந்து இருக்கா?
பேர் வேண்டாம்

பதில்: தம்பி, சிரிக்கிற ஆக்களும் கண்ணை மூடிக்கொண்டு கந்தசஷ்டி கவசம் சொல்லுறவைதான், நீங்க பார்க்கேல்ல.

சிங்கப்பூர் ரூட் கொஞ்சம் ஆடுற ரூட்தான், அது உங்கட மனப்பிரமை இல்ல. பூமத்திய ரேகைக்குக் கிட்ட கடலுக்கு மேல போறீங்க, வடக்குக் காத்தும் தெற்குக் காத்தும் முட்டுப்படுற இடம், இடிமுகில் உயர எழும்பும். பைலட்டுக்கு ராடாரில அது தெரியும், சுத்திப்போவார், ஆனா ஓரக்காத்து கொஞ்சம் தட்டத்தான் செய்யும். மாட்டு வண்டியில ஊர் ரோட்டில போனா ஆடாதா, அப்பிடித்தான். செட்டை மேலயும் கீழயும் வளையிறதைப் பார்த்துப் பயப்பிடாதேங்கோ, வளையாம இருந்தாத்தான் முறியும். பறக்கேக்க வரக்கூடிய ஆகப்பெரிய பாரத்தைக் கணக்குப் பார்த்து, அதைப்போல ஒண்டரை மடங்கைத் தாங்குதா எண்டு நிரூபிச்ச பிறகுதான் அந்த மொடலைப் பறக்கவே விடுறாங்கள்.

நீங்க செய்யக்கூடியது: சீட்டைச் செட்டைக்கு நேரா எடுங்கோ, அங்கதான் ஆட்டம் குறைவு, வால்பக்கம்தான் கூட. பஸ்ஸில கடைசி சீட்டில இருந்தவனுக்கு இது விளங்கும். ஏப்ரலிலயும் ஒக்டோபர் நவம்பரிலயும் எங்கட பக்கம் பின்னேரத்திலதான் இடிமழை கட்டும், அந்த மாசங்களில காலமைப் பிளைட் கிடைச்சா அதை எடுங்கோ. வெறும் வயித்தில கோப்பி குடிச்சிட்டு ஏறாதேங்கோ, நெஞ்சு படபடக்கிறது பயமா கோப்பியா எண்டு உங்களுக்கே விளங்காது. ஆடத் தொடங்கினா பிடியை இறுக்காம, ரெண்டு கையையும் மடியில வச்சு, மூச்சை உள்ளுக்கு எடுக்கிறதை விட வெளிய விடுறதை நீளமா விடுங்கோ, நாலு எண்ணி எடுத்தா ஆறு எண்ணி விடுங்கோ. முன்னால மேசையில தண்ணிக் கப் இருந்தா அதைப் பாருங்கோ, மனசு நூறு அடி விழுந்த மாதிரிச் சொல்லும், தண்ணி விளிம்பைத் தாண்டாம நிக்கும்.

சிரிக்கிற ஆக்களுக்கும் ஒண்டு சொல்லுங்கோ. 2024 மே மாசம் லண்டனில இருந்து சிங்கப்பூர் போன பிளைட் ஒண்டு மியன்மாருக்கு மேல திடீரெண்டு குலுங்கி ஒருத்தர் இறந்தார், கனபேருக்குக் காயம், பேங்கொக்கில இறக்கினாங்கள். பெல்ட் போடாத ஆக்கள்தான் மேல தூக்கி எறிபட்டது. பெல்ட் லைட் அணைஞ்சாலும் பெல்ட்டைக் கழட்டாம இருக்கிறவன் பயந்தவன் இல்ல.

இவ்வளவு செய்தும் பயணத்துக்கு ஒரு கிழமைக்கு முந்தியே நித்திரை போகுது எண்டா டொக்டரிட்டப் போங்கோ, வெக்கப்பட ஒண்டும் இல்ல. ரெண்டு பெக் அடிச்சா சரியாகும் எண்டு சொல்லுற நண்பனிட்ட மட்டும் போகாதேங்கோ.

கேள்வி: 8 மாசக் குழந்தையோட சென்னைக்குப் போறோம். போன தடவ இறங்கும்போது வீறிட்டு அழுதான், பிளைட்டே திரும்பிப் பார்த்துச்சு.
தாய், தெமட்டகொட

பதில்: காது. பிளைட் இறங்கேக்க உள்ளுக்கு இருக்கிற காத்தழுத்தம் கூடும், காதுக்கும் தொண்டைக்கும் நடுவில இருக்கிற சின்னக் குழாய் திறந்தாத்தான் ரெண்டு பக்கமும் சமனாகும், விழுங்கேக்க அது திறக்கும். நாங்க டொபி சூப்புவம், கொட்டாவி விடுவம், பிள்ளைக்கு அது தெரியாது. அதால இறங்கிற நேரம் பால் குடுங்கோ, தாய்ப்பாலோ போத்தலோ சூப்பியோ எதெண்டாலும் சரி. நித்திரையில இருக்குது, எழுப்பக்கூடாது எண்டு விட்டுடாதேங்கோ, நித்திரையில விழுங்கிறது குறைவு, பிறகு வலியிலதான் முழிக்கும். சென்னைக்கு ஒண்டேகால், ஒண்டரை மணித்தியாலம்தான், ஏறின உடன சாப்பாட்டுத் தட்டு வரும், அதை எடுத்த கையோட இறங்கத் தொடங்கிடும். அதால ஏறேக்க வயிறு முட்டக் குடுத்திடாம கொஞ்சம் பசியோட வச்சிருங்கோ. தடிமன், காது வலி இருந்தா முதல்நாளே டொக்டரிட்டக் காட்டுங்கோ. திரும்பிப் பார்க்கிற ஆக்களை நீங்க பார்க்காதேங்கோ, அவையும் ஒரு காலத்தில கத்தினவைதான்.

கேள்வி: ஜன்னலா, நடைபாதையா?
வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: நாலு மணித்தியாலத்துக்குள்ள எண்டா ஜன்னல். கூட எண்டா நடைபாதை. நடுவில மாட்டினா ரெண்டு கைப்பிடியும் உங்களுக்குத்தான், விட்டுக் குடுக்காதேங்கோ.

கேள்வி: மெல்பேர்னில மகளுக்கு ரெண்டாவது பிள்ளை. 30 கிலோ லகேஜ். சரக்குத்தூள், கருவாடு, சீனிச்சம்பல், ஒடியல், கறிவேப்பிலை, முருங்கையிலை எல்லாம் கேக்கிறா. பக்கத்து வீட்டு ஆன்ட்டியும் ஒரு பார்சல் தந்திருக்கிறா, அவவின்ட மகனுக்காம். என்னெண்டு கொண்டு போறது?
அம்மா, தெஹிவளை

பதில்: முதல் அந்த ஆன்ட்டின்ட பார்சலைத் திறவுங்கோ. அவவுக்கு முன்னாலயே திறவுங்கோ. "பெட்டி நீங்கதான் அடுக்கினதா, ஆரும் ஏதும் தந்தவையா" எண்டு கேக்கேக்க நீங்கதான் பதில் சொல்லோணும், ஆன்ட்டி இல்ல. கோவிச்சா கோவிக்கட்டும். ஒட்டி மூடின டப்பாவை "மருந்துதான்" எண்டு நம்பி வாங்கிக்கொண்டு போய் அங்க நிண்டு அழுதவை இருக்கினம்.

இனி சாமான். அவுஸ்திரேலியா சாப்பாட்டு விஷயத்தில சரியான இறுக்கம், அது தீவு, அவங்கட தோட்டத்துக்குப் பூச்சி, நோய் வந்திடக் கூடாது எண்ட பயம். பச்சைக் கறிவேப்பிலை கொண்டுபோக ஏலாது, முருங்கையிலையும் வேண்டாம், மண் ஒட்டின கிழங்கு, விதை ஒண்டும் வேண்டாம். மற்றதெல்லாத்தையும் வடிவா சீல் பண்ணி, மேல என்ன எண்டு இங்கிலீஷில எழுதி, பெட்டியில ஒரு பக்கமா அடுக்கி, இறங்கிற நேரம் தாற கார்ட்டில "சாப்பாட்டுச் சாமான் இருக்கு" எண்டு டிக் பண்ணுங்கோ. இதுதான் முக்கியம். டிக் பண்ணினா ஆகமிஞ்சி அதைப் பார்த்து எடுத்துப் போட்டுடுவாங்கள், அவ்வளவுதான். டிக் பண்ணாம நாய் வந்து பெட்டிக்குப் பக்கத்தில குந்திச்செண்டா தண்டம் நூற்றுக்கணக்கான டொலரில தொடங்கும். கருவாட்டு வாசத்தை அந்த நாயிட்ட மறைக்க ஏலுமா? கொழும்பில எங்கட மாடியில பக்கத்து வீட்டுக்காரரிட்டயே மறைக்க ஏலாம இருக்கு.

சீனிச்சம்பலும் ஊறுகாயும் கையில கொண்டு போற பையில வைக்கக் கூடாது. செக்கியூரிட்டிக்கு அது திரவம், 100 மில்லிக்கு மேல விடமாட்டாங்கள். 2006 ஓகஸ்டில பிரித்தானியாவில சோடாப் போத்தலில வெடிமருந்து கரைச்சுக் கொண்டு ஏற இருந்த ஆக்களைப் பிடிச்ச பிறகு வந்த சட்டம், அதுக்கு எங்கட சம்பல் பலி. நல்லாக் காஞ்ச கொப்பராத் தேங்காயை எங்கயும் வைக்காதேங்கோ, அது எண்ணெய்ச் சாமான், சூட்டில தானாப் பத்தக் கூடியது எண்டு ஆபத்தான சாமான் லிஸ்டில இருக்கு. பவர் பேங்க் சம்பலுக்கு நேர் எதிர், பெட்டிக்குள்ள போடவே கூடாது, கையிலதான். 20,000 எம்.ஏ.எச். எண்டு எழுதினது 74 வாட்-அவர்தான் வரும், 100 வரைக்கும் கேள்வி இல்லாம விடுறது வழக்கம்.

30 கிலோ எண்டா 30தான், வீட்டில 28ல நிப்பாட்டுங்கோ. குளிப்பறைத் தராசில பெட்டியை வச்சா நம்பர் பெட்டிக்குக் கீழ மறைஞ்சிடும், அதால நீங்க முதல் தனிய ஏறுங்கோ, பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கோ, கழிச்சுப் பாருங்கோ. எல்லாத்தையும் ஒரே பெட்டியில அமத்தாதேங்கோ, காசு கட்டினாலும் ஒரு பெட்டி 32 கிலோவுக்கு மேல எண்டா எடுக்கமாட்டாங்கள், தூக்கிற தொழிலாளியின்ட முதுகுக்காகப் போட்ட கணக்கு அது.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் அக்கா. உம்மாவையும் வாப்பாவையும் கூட்டிட்டு உம்ராவுக்குப் போறோம், ஜித்தாவுக்கு நேரே. வாப்பா இஹ்ராமை கட்டுநாயக்கலேயே உடுத்தட்டுமா, பிளைட்ல மாத்தட்டுமா?
மகன், மாளிகாவத்தை

பதில்: வஅலைக்கும் ஸலாம் தம்பி. மார்க்கச் சட்டத்தை உங்கட ஹஸ்ரத்திட்டக் கேளுங்கோ, நான் பிளைட்டுக்குள்ள இருக்கிற வசதியை மட்டும் சொல்லுறன். மீகாத், அதாவது இஹ்ராமோட உம்ராவைத் தொடங்க வேண்டிய எல்லை, வாற இடத்தைப் பிளைட்டிலயே அறிவிப்பாங்கள், அந்த நேரம் டொய்லெட்டுக்கு முன்னால லைன் நிக்கும், உள்ளுக்கு ஒரு ஆள் கையை விரிக்கவே இடமில்ல, ஈரத் தரை, அதில வயசான ஆள் தைக்காத துணி ரெண்டை மாத்திறது பெரிய பாடு. வீட்டிலயோ கட்டுநாயக்கவிலயோ உடுத்திட்டு, நிய்யத்தை, அதாவது உம்ராவுக்கான எண்ணத்தை, அந்த அறிவிப்பு வரேக்க வைக்கிறதுதான் கனபேர் செய்யிறது. பிளைட்டுக்குள்ள குளிரும், ஏறின உடனேயே ரெண்டு போர்வை கேட்டு வாங்குங்கோ, வாப்பா உடம்பை மூடலாம், தலையை மூடக்கூடாது எண்டதும் அவருக்குத் தெரிஞ்சிருக்கும். பாஸ்போட், மாத்திரை வைக்க இடுப்பு பெல்ட் பை ஒண்டு, இஹ்ராமில பொக்கட் இல்லயே. மக்காவில இருந்து கொண்டு வாற ஸம்ஸம் தண்ணி எவ்வளவு விடுவாங்கள் எண்டதை டிக்கட் எடுக்கேக்கயே கேட்டு வையுங்கோ, சூட்கேஸுக்குள்ள உடுப்போட உடுப்பா போத்தலைச் சுருட்டி வைக்காம, சீல் பண்ணின பெட்டியாத்தான் கொண்டு வரோணும்.

கேள்வி: வயது 58, சீனி வருத்தம், இன்சுலின் போடுறன். லண்டனுக்கு நேர பிளைட். போன முறை இறங்கேக்க சப்பாத்து கால்ல ஏறேல்ல. இரத்தம் கட்டும் எண்டு வேற சொல்லிப் பயப்பிடுத்துறாங்க.
வாசகர், கொள்ளுப்பிட்டி

பதில்: ஐயா, இன்சுலினை எந்தக் காரணம் கொண்டும் பெட்டியில போடாதேங்கோ, கீழ இருக்கிற சரக்கு இடத்தில உறைஞ்சு பழுதாகலாம், பெட்டி தொலைஞ்சா அதோட போச்சு. கையில, டொக்டரின்ட கடிதத்தோட, தேவையானதைப் போல ரெண்டு மடங்கு. மேற்கால போறதால உங்கட நாள் நாலரை மணித்தியாலமோ அஞ்சரை மணித்தியாலமோ நீளும், கோடைக்கும் குளிருக்கும் மாறும், அந்த நாள் எத்தனை தரம் எவ்வளவு போடுறது எண்டதை உங்கட டொக்டர்தான் எழுதித் தரோணும். சாப்பாட்டுத் தட்டு கண்ணுக்கு முன்னால வாற வரைக்கும் ஊசியைப் போடாதேங்கோ, ஆட்டம் வந்தா தள்ளுவண்டியை நிப்பாட்டிப்போடுவாங்கள். பிஸ்கட்டும் குளுக்கோஸும் பொக்கட்டில.

கால் வீங்கிறது பதினொரு மணித்தியாலம் தொங்கப் போட்டுக்கொண்டு இருக்கிறதால, அது அனேகமா அடுத்த நாளே வத்திடும். இரத்தம் கட்டுறது வேற. உலக சுகாதார நிறுவனம் 2007ல சொன்ன கணக்குப்படி நாலு மணித்தியாலத்துக்கு மேல அசையாம இருந்தா ஆபத்து கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகும், ஆனா அப்பவும் சுகதேகிகளில 6000 பேரில ஒருத்தருக்குத்தான். பிளைட் மட்டும் இல்ல, யாழ்ப்பாணத்துக்கு இரவு பஸ்ஸில குந்தி இருந்து போனாலும் அதேதான். குதியைத் தரையில வச்சு விரலைத் தூக்குங்கோ, பிறகு விரலை ஊண்டி குதியைத் தூக்குங்கோ, அப்பிடி ஒரு இருபது தரம், மணித்தியாலத்துக்கு ஒருக்கா. பழைய தையல் மெஷின் மிதிக்கிற மாதிரி எண்டு வச்சுக்கொள்ளுங்கோ. கையில கொண்டு போற பையைக் காலுக்குக் கீழ வைக்காம மேல வையுங்கோ, காலை நீட்ட இடம் வேணும். இறுக்கமான சொக்ஸ் விக்குது, ஆனா சீனி வருத்தக்காரர் கேக்காம போடக் கூடாது, கால் இரத்த ஓட்டத்தை டொக்டர் பார்த்துச் சொல்லட்டும். அஸ்பிரினும் அப்பிடியே. சப்பாத்தை ஏறின உடன கழட்டாதேங்கோ, லேஸைத் தளர்த்தி விடுங்கோ. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் நோவோட சூடா இருந்தா, அல்லது மூச்சு முட்டினா, அது வீக்கம் எண்டு இருக்காதேங்கோ, உடன ஆஸ்பத்திரி.

கேள்வி: ரொறன்ரோவில இருந்து வந்து ஒரு கிழமை, இன்னும் இரவு ரெண்டு மணிக்கு முழிச்சு இடியப்பம் தேடுறன்.
வாசகி, மட்டக்குளி

பதில்: ஒன்பதரை, குளிர்காலத்தில பத்தரை மணித்தியால வித்தியாசம், உடம்பு ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் அளவில்தான் நகரும், அதால இன்னும் ரெண்டு மூண்டு நாள் தேடுவீங்க. காலமை வெயிலில கடற்கரைப் பக்கம் நடவுங்கோ, பின்னேரம் நாலு மணி நித்திரைக்கு மட்டும் இடம் குடுக்காதேங்கோ. இடியப்பத்தை மறைச்சு வைக்கச் சொல்லுங்கோ.

கேள்வி: பெட்டி வரேல்ல எண்டா என்ன செய்யிறது? நீங்க அனுபவப்பட்டிருக்கிறீங்களா அக்கா?
வாசகி, வத்தளை

பதில்: பட்டிருக்கிறன். தங்கச்சியின்ட மகளின்ட கலியாணத்துக்கு லண்டனுக்குப் போனன், கூறைச் சேலை பெட்டிக்குள்ள. பெல்ட் சுத்துது சுத்துது, கடைசியா ஒரு பிள்ளை வண்டிலும் ஒரு கிழிஞ்ச பையும்தான் சுத்துது. பெட்டி இடையில மாறின எயார்போட்டிலயே நிண்டுட்டுது. கலியாணம் நாளையிண்டைக்கு. எத்தினையோ பேருக்கு "பெட்டியில பெறுமதியானதை வைக்காதேங்கோ" எண்டு சொன்ன வாய் என்ட வாய்.

செய்ய வேண்டியது இதுதான். ஹோலை விட்டு வெளிய வர முந்தி, பெட்டி வாற பெல்ட்டுக்குப் பக்கத்தில இருக்கிற எயார்லைன் மேசைக்குப் போய் முறைப்பாட்டுப் படிவம் போடுங்கோ, பி.ஐ.ஆர். எண்டு சொல்லுவாங்கள், நம்பர் ஒண்டு தருவாங்கள், அந்த நம்பர்தான் உயிர். செக்-இன்னில தந்த ஸ்டிக்கர் துண்டைக் காட்டோணும், அதை நாங்க எல்லாரும் பிளைட் ஏறின உடன கசக்கிப் போடுறது. பெட்டியை போனில ஒரு படம் எடுத்து வச்சிருந்தா "கறுப்பு, நடுத்தர அளவு" எண்டு முழுசத் தேவையில்ல, புறக்கோட்டையில எல்லாரும் வாங்கிறது அந்தக் கறுப்புப் பெட்டிதானே. அவசரத்துக்கு வாங்கின உடுப்பு, பிரஷ் எல்லாத்துக்கும் பில் வச்சிருங்கோ. 1999 மொன்ட்ரியல் உடன்படிக்கைப்படி உடைஞ்சு வந்தா 7 நாளுக்குள்ள, பிந்தி வந்தா கையில கிடைச்சு 21 நாளுக்குள்ள எழுத்தில குடுக்கோணும், அதுக்குப் பிறகு வாயால எவ்வளவு கத்தினாலும் பிரயோசனமில்ல.

என்ட பெட்டி கலியாணத்துக்கு அடுத்த நாள் வந்தது. பிடியில கட்டியிருந்த பழைய ஓரேஞ்ச் சேலைத் துண்டால தூரத்திலயே அடையாளம் கண்டுட்டன். பொம்பிளை கடன் வாங்கின சேலையோட மணவறையில இருந்தா. அல்பத்தைப் பார்க்கிற நேரமெல்லாம் தங்கச்சி அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் மெதுவாத்தான் திருப்புவா.